ஒன்பதாம் எண் சர்வர்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் மாமாவுக்கும் பாப்பாவுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் கூப்பிடாமல் தாளில் எழுதுகிறானே என்று நினைப்பாய். என் போனையும் லேப்டாப்பையும் கம்பெனியில் ஆய்வுக்கென்று வாங்கி, ஒரு பையில் போட்டு ஒட்டி, மேலே என் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விசாரணை முடியும்வரை நடந்ததைப் பற்றி யாரிடமும் போனிலோ மெயிலிலோ பேசக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். தபாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தபால் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்து போயிருக்கும். மற்ற விஷயம் பேச வேறு போன் வாங்கலாம்தான். பேச வரவில்லை.

வேலைக்கு வர வேண்டாம், ஊரை விட்டும் போக வேண்டாம் என்பது உத்தரவு. வாரத்துக்கு இரண்டு நாள் கூப்பிடுகிறார்கள். விசாரிப்பவர் ஒரு அம்மா. எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுகிறார், அடிக்கடி பென்சிலைச் சீவுகிறார். வெளியே பெஞ்சில் எங்கள் மேலாளர் பூனை உட்கார்ந்திருப்பார். சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாரே என்று சொல்வேனே, அவர்தான். நான் போனால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்.

உங்கள் மருத்துவமனையோடு சேர்த்து மூன்று மருத்துவமனைகளின் சர்வர்களை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். பிப்ரவரி இரண்டாம் தேதி எவனோ இணையம் வழியாக உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டிப் போட்டான். திரும்பத் திறக்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளில் உங்கள் லேபில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே? வேறு எதுவும் எழுதாவிட்டாலும் இதை மட்டும் எழுது.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

தம்பி

*

மார்ச் 12

என் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம். அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் வலிக்கிறது, டிவி பக்கம் போகும்போது வலிப்பதில்லை. உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பாப்பா, "மாமா எப்பம்மா டாக்டர் ஆனாரு?" என்று கேட்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருந்தாய். ஆனது.

அந்தப் பதினொரு நாளும் எங்கள் கருவிகள் ஓடின, எண்கள் வந்தன. அவற்றை அனுப்பத்தான் வழியில்லை. உள்தொலைபேசியும் அதே கம்பியில்தான் ஓடுகிறது போலிருக்கிறது, அதுவும் செத்துவிட்டது. எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, நோயாளியோடு வந்தவர்கள் கையிலேயே கொடுத்து வார்டுக்கு அனுப்பினோம். எங்கள் லேப் பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில். வார்டுகள் புதுக் கட்டடத்தில் நாலாவது மாடி. நடுவில் மூன்று திருப்பம், இரண்டு வரிசை, ஆள் நிறைந்த லிஃப்ட்.

ஆறாம் தேதி வியாழக்கிழமை. சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு பெண்ணின் ரத்தம் வந்தது. பொட்டாசியம் ஐந்து வரை இருக்கலாம். அவளுக்கு ஏழு புள்ளி நாலு. இதயம் எந்த நிமிடமும் நிற்கலாம் என்று அர்த்தம். சிவப்புப் பேனாவால் இரண்டு தடவை சுழித்து, வெளியே நின்ற அவள் கணவரிடம் கொடுத்தேன். பாவம், பயந்துவிடப் போகிறார் என்று, "சீக்கிரமா வார்டுல குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடி வெட்டும் தொழில் செய்கிறவர். கண்ணாடி தூக்குகிறவர்கள் ஓட மாட்டார்கள், நிதானம் அவர்கள் காலிலேயே ஊறியிருக்கும். நடந்து போயிருக்கிறார். போன இடத்தில் மருந்து வாங்கும் வரிசையைத்தான் வார்டுக்கான வரிசை என்று நினைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார், கையில் அந்தச் சீட்டோடு. யாரையும் முந்தவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

செவ்வாய் அவருக்குக் கடை விடுமுறை. செவ்வாய்தோறும் வந்து லேப் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். எதுவும் கேட்பதில்லை. ஒரே ஒரு முறை, "நான் ஓடியிருக்கணும்மா" என்றார்.

இந்த வருஷத்தில் உங்கள் கம்பெனியால் எனக்கு நடந்த ஒரே நல்லது நீ செய்ததுதான். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தொழிற்சாலை ஆட்கள் நானூறு பேருடைய ரத்தம் மேசை நிறைய இருக்கும்போது, சர்வரை ரீஸ்டார்ட் செய்யப் போகிறோம் என்று அறிவிப்பு வந்ததே. "இன்னிக்கு வேணாம்டா, தலை போயிடும்" என்று உனக்குப் போன் போட்டேன். "சரிக்கா, அடுத்த வெள்ளி பாத்துக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தாய். வேறு யாராவது என்றால் ஃபார்ம் கொண்டா, கையெழுத்துக் கொண்டா என்று உயிரை வாங்கியிருப்பார்கள்.

உங்கள் ஆபீஸில் எவனோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று இங்கே பேச்சு. அவன் நல்லா இருப்பானா? அவன் கை விளங்காமல் போகட்டும். எவனோ செய்ததற்கு நீ ஏன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய்? யார் என்று தெரிந்தால் சொல்லித் தொலை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தது. நானும் அப்படியே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

கதவைத் திறந்து போட்டது யார் என்று கேட்டிருந்தாய். நான்தான்.

டாக்டர் பார்க்கிற திரை ஒரு பக்கம். நீங்கள் போடும் எண்கள் கிடக்கிற இடம் இன்னொரு பக்கம். நடுவில் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுக்க ஒரு மென்பொருள் உண்டு. அப்ளிகேஷன் சர்வர் என்போம். எங்களிடம் அப்படிப் பன்னிரண்டு இருந்தன. அந்த மென்பொருளில் ஒரு ஓட்டை இருப்பதாக அதைச் செய்தவர்களே ஜனவரி முதல் வாரத்தில் அறிவித்தார்கள். ஒரு செய்தியைக் குறிப்பிட்ட விதமாகக் கோணலாக எழுதி அனுப்பினால் போதும், கடவுச்சொல் கேட்காமல் அனுப்பியவன் சொன்னதையெல்லாம் சர்வர் செய்யும். ஓட்டையின் ஆபத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். இதற்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு. நான் எந்தப் பரீட்சையிலும் அவ்வளவு வாங்கியதில்லை.

அடைப்பதற்கு பேட்ச்சும் அன்றைக்கே வந்துவிட்டது. பதினொரு சர்வரில் அது வேலை செய்தது. ஒன்பதாம் எண்ணில் செய்யவில்லை. ஒன்பது உங்கள் லேபுடையது. அவன் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தான், பிறகு மற்ற எல்லாவற்றுக்கும் போனான்.

ஒன்பதில் மட்டும் ஏன் என்று பென்சில் அம்மா கேட்டார். கடைசியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையை மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதியிருந்தாய். அது ஒரு விஷயமே இல்லை. லேபில் யாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்காதே.

கண்ணாடிக்காரரைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தேன். கழுவின தட்டைத்தான் மறுபடி கழுவியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதே.

நான் விட்ட சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கோபத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு நாள் உன் பெயரையே வீட்டில் எடுக்கவில்லை. அம்மா கேட்டதற்கு, தபால்காரர் வரவில்லை என்றேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மறந்துவிட்டேன் என்கிறாய். யார், நீயா? வீட்டைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நாலாம் தடவை இழுக்கிறவன் நீ. உன்னால் எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன்! ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனால் இந்த ஆனை படியைத் தட்டிப் பார்க்காமல் காலே வைக்காத ஆனை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. யாரைக் காப்பாற்றுகிறாய்? அந்தப் பூனையையா? அவர் தள்ளிப்போடச் சொல்லி, நீ பழியை ஏற்றுக்கொண்டாயா?

நேற்று செவ்வாய். அவர் வந்தார். "தப்பு உங்க மேல இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். "அப்ப யார் மேல?" என்று திருப்பிக் கேட்டால் என் தம்பி மேல் என்று சொல்ல வேண்டும். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். குடித்துவிட்டு, டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கே கணினிப் பிரிவில் ஒயர் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்கும். நீ உண்மையைச் சொல்லாவிட்டால் அவரிடம் கேட்டுவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அக்கா

*

மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

ஒயர் அண்ணனிடம் கேட்காதே. பூனையை நான் காப்பாற்றவில்லை. பூனை எங்கே போட்டாலும் நாலு காலில் விழும்.

எதிர்க் கட்டடத்துக்கு பெயின்ட் அடிக்கிறார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு இரண்டு பேர். ஐந்தாவது மாடி முடிந்து நாலாவது மாடிக்கு இறங்கியிருக்கிறார்கள். காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அவர்கள் சாப்பிடப் போகும்போது நானும் சாப்பிடுகிறேன். நாள் முழுக்கப் பார்க்கிறேன், ஆனால் என்ன நிறம் என்று நீ கேட்டால் எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. எங்கோ இருக்கிறது. பக்கத்து வீட்டில் போன் அடிப்பது போல் கேட்கிறது.

ஜூன் மாதம் அறிக்கை வந்துவிடும். அதுவரை எதையும் கிளறாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

*

மே 9

தம்பிக்கு,

இங்கே சுகம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாகிவிட்டது.

கேட்காதே என்றால் கேட்பேன் என்பது உனக்குத் தெரியாதா? நேற்று ஒயர் அண்ணனை வழியில் நிறுத்திவைத்துக் கேட்டுவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பா சரியா என்று நீயே பார்.

"ஏம்மா, மருந்த வாங்கி மேசை மேல வெச்சா காய்ச்சல் போயிடுமா? முழுங்கணும்ல? பேட்ச் போடறது மருந்து வாங்கற மாதிரி. சர்வர நிறுத்தி, திரும்ப ஆரம்பிச்சாத்தான் முழுங்கின மாதிரி. அதுவரைக்கும் அது பழைய ஓட்டையோடதான் ஓடிக்கிட்டு இருக்கும். ஒன்பதாம் நம்பர்ல பேட்ச் ஏறிடுச்சு. ரீஸ்டார்ட் மட்டும் பண்ணல. ஆனா அவங்க பட்டியல்ல போட்டாச்சுன்னு பச்சையா இருந்திருக்கு."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! இவ்வளவுதானா விஷயம்? நிறுத்திவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதானே? கால் மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யவிடாமல் என் தம்பியைத் தடுத்தது யார் என்று அவரிடமே சத்தம் போட்டேன். அவர் பாவம், கழுத்து ஒயரைத் தடவிக்கொண்டே, "அது தெரியலம்மா. பண்ணப் போறதா நமக்கெல்லாம் அறிவிப்பு வந்துச்சே. ஜனவரி பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்புறம் ஏனோ பண்ணல" என்றார்.

ஜனவரி பத்து வெள்ளிக்கிழமை

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பாதியில் நின்றிருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் வேறு தாள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

கிளறாதே என்று இதற்குத்தான் சொன்னேன். இனி மறைத்துப் பயனில்லை, முழுக்கச் சொல்கிறேன். யாராவது ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போடக் கேட்டால் ஃபார்ம் வாங்க வேண்டும். கேட்டவர் பெயர், காரணம், கையெழுத்து. அதை ஏற்றினால்தான் பட்டியலில் அந்த வரி சிவப்பாக மாறும், வேலை முடியும்வரை தினம் காலையில் கண் முன்னால் வந்து நிற்கும். அக்காவிடம் போய் ஃபார்ம் கேட்பதா என்று விட்டுவிட்டேன். அதனால் வரி பச்சையாகவே இருந்தது. பச்சையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த வெள்ளி வந்தது, போனது. நீ கேட்டது ஏழு நாள். அதற்கு மேல் பதினாறு நாள் நானாகக் கொடுத்தது.

ஆகவே நீ இதில் இல்லை. எந்தத் தாளிலும் உன் பெயர் கிடையாது. என் போனில் உன் அழைப்பு இருந்தாலும், அக்கா தம்பியைக் கூப்பிட்டாள் என்றுதான் இருக்கும். பென்சில் அம்மாவிடம் நீ எதுவும் சொல்லப் போகாதே. சொன்னால் உன் வேலையும் போகும். ஒரு குடும்பத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும்.

பதில் போடு. திட்டியாவது போடு.

தம்பி

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கடிதம் ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே?

எதிர்க் கட்டடத்தில் வேலை முடிந்து கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். இப்போது பார்க்க ஒன்றும் இல்லை.

ஒரு வரி போதும்.

தம்பி

*

ஜூலை 3

தம்பிக்கு,

அம்மா, மாமா, பாப்பா மூவரும் சுகம். நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

ஒன்றரை மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் சாபம் விட்டது என்னையேதான். யாரையோ திட்டுவதாக நினைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று கத்தியிருக்கிறேன். உனக்கு நான் உதவியதும் அழகு, நீ எனக்கு உதவியதும் அழகு.

போன வாரம் உன் ஊருக்கு வந்தேன். பென்சில் அம்மாவைப் பார்த்தேன். என்னை எதற்காக உள்ளே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. "உங்க பேர் எதுலயும் இல்லையேம்மா?" என்றார்.

"நான்தாங்க தள்ளிப்போடச் சொன்னேன்."

"ஃபார்ம் இருக்கா?"

"இல்லைங்க. சொந்தத் தம்பி. வாயாலதான் சொன்னேன்."

"வாயால சொன்னத நான் எங்க சேர்க்கறது? அறிக்கை போன வாரமே மேல போயிடுச்சு."

நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டார். எனக்காக எழுதினார், அறிக்கைக்காக இல்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வெளியே வந்துவிட்டேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இறங்கவில்லை.

உன் தெரு வரைக்கும் வந்தேன். கீழே நின்று பார்த்தேன், உன் ஜன்னல் திறந்திருந்தது. மேலே ஏறி வந்து உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எதிர்க் கட்டடம் வெளிர் நீலம்.

அக்கா

*

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படித்தான் என்று எழுதியிருந்தாய், நம்புகிறேன்.

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம் ஒரே சொல், கவனக்குறைவு. போனும் லேப்டாப்பும் அதே பையில் திரும்பி வந்தன. இனி போனில் பேசலாம். ஆனால் போனில் நாம் பேசியது போதும் என்று தோன்றுகிறது. ஊரை விட்டுப் போகவும் இப்போது தடையில்லை.

தெரு வரைக்கும் வந்தவள் மேலே வந்திருக்கலாம். அதைப் படித்ததும் கோபம் வந்தது. இந்த நாலைந்து மாதத்தில் எனக்கு ஒழுங்காக வந்த ஒரே கோபம் அதுதான். கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு போய்விட்டது.

கண்ணாடிக்காரர் இன்னும் வருகிறாரா? பழி என்னுடையது என்று நான் சொல்கிறேன், உன்னுடையது என்று நீ சொல்கிறாய். இரண்டு பேரும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். அது இத்தனை நாளும் அவரிடம் இருக்கிறது. தான் நடந்ததால்தான் மனைவி போனாள் என்று ஒரு மனிதர் வாரா வாரம் உன் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார். பென்சில் அம்மாவிடம் சொன்னதை அவரிடம்தான் நீ முதலில் சொல்லியிருக்க வேண்டும். நானும் மார்ச்சிலேயே உன்னிடம் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்.

அவரிடம் சொல்லிவிடு. என்னையும் சேர்த்துச் சொல்.

தம்பி

*

ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உனக்கு வேலை போனதை அம்மாவிடம் சொன்னேன். "வரச் சொல்லு" என்றாள்.

நேற்று சொல்லிவிட்டேன்.

அவரை உள்ளே கூட்டி வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நானூறு பேர் ரத்தம், என் போன், உன் சரி, அந்த ஃபார்ம், பச்சை வரி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். உயிருக்கு ஆபத்து என்று வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டைக் கொடுத்ததையும் சொன்னேன். "உங்க மேல எந்தத் தப்பும் இல்லண்ணே. எங்க ரெண்டு பேர் மேலதான்" என்றேன்.

அளவு சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி அவர் கேட்டார். முடிந்ததும், "சரிம்மா" என்றார். பிறகு, "அதெல்லாம் சரிம்மா. ஆனா அந்தச் சீட்ட வாங்கினதும் நான் ஓடியிருந்தா அவ பொழச்சிருப்பாளா, மாட்டாளா?"

இருபத்திரண்டு வருஷமாக எண் சொல்கிறவள் நான். இதற்கு எந்த எண்ணும் இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து போகும்போது லேப் ஜன்னலில் ஒரு கண்ணாடி ஆடுவதைத் தொட்டுப் பார்த்து, "மழை வந்தா உள்ள அடிக்கும். சாமான் கொண்டாந்து சரி பண்ணித் தர்றேன்" என்றார்.

நம் பங்கை நாம் எடுத்துக்கொண்டோம், அவருடையது அவரிடமே இருக்கிறது. அடுத்த செவ்வாய் வருவார், அதற்கு அடுத்த செவ்வாயும் வருவார். நான் என்ன பதில் சொல்ல? உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். அம்மா சொன்னதைப் படித்தேன்.

அவர் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஓடியிருந்தால் பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். டாக்டருக்கே தெரியாது. அதை அவரிடம் பொய்யாக மாற்றிச் சொல்லக் கூடாது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் உண்டு. நீ லேபில் ஒரு எண்ணை அடித்ததிலிருந்து, நாலாவது மாடித் திரையில் அது சிவப்பாக வருவதற்கு நாலு வினாடி ஆகும். ஆறு வருஷம் அதை அளந்துகொண்டே இருந்தவன் நான், ஐந்து ஆனால் எனக்கு மணி அடிக்கும். ஒன்பதாம் எண் ஒழுங்காக ஓடியிருந்தால் அன்றைக்கு நீ சீட்டே எழுதியிருக்க மாட்டாய். ஏழு புள்ளி நாலு மேலே போய்ச் சேர்ந்திருக்கும், அவர் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஓடுவதா, நடப்பதா என்பது அவரிடம் வந்திருக்கவே கூடாத வேலை. அதை அவர் கையில் கொடுத்தவன் நான்.

இவ்வளவையும் எழுதி, அவரிடம் படித்துக் காட்டு என்று உனக்கு அனுப்பத்தான் உட்கார்ந்தேன். பாதியில் உறைத்தது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி, இன்னொருவர் கையில் கொடுத்தனுப்புவதை நாம் ஏற்கெனவே ஒரு தடவை செய்துவிட்டோம்.

பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அவரிடம் நானே சொல்கிறேன். அவர் என்ன செய்வார், திரும்ப என்ன கேட்பார் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இத்தனை மாதம் கழித்து ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருக்கிறது.

ஆறு வருஷம் உங்கள் லேபை இங்கிருந்தே ஓட்டினேன். ஒரு நாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று மட்டும் எழுது.

தம்பி